கை ஆடினால் ஓடும் வாட்ச்

என் அண்ணனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆம்பூரில் அவன் வைத்திருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர். மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அப்பேர்ப்பட்டவன் கையில் கார் பந்தயக்காரர்களுக்கென்றே செய்த வாட்ச்! "ஸ்கூட்டர தள்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பார்க்கவா ண்ணா இது?" என்று கேட்பேன். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். வாட்சின் பக்கவாட்டில் இருந்த பட்டனை அமுக்கி, "பேசு, மூச்சு விடாம எவ்ளோ நேரம் பேசறேன்னு பார்க்கலாம்" என்பான். நீளமான சிவப்பு முள் சரசரவென்று கிளம்பும். நானும் விடாமல் பேசுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊருக்கே தெரியும்.

அண்ணன் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் டிரம் செக்‌ஷனுக்குப் பொறுப்பாக இருந்தான். பச்சைத் தோலைப் போட்டு மருந்தோடு சுற்றுகிற பெரிய பெரிய மர டிரம்கள், அதெல்லாம் அவன் ராஜ்யம். வருஷா வருஷம் தோல் பார்க்க இத்தாலியிலிருந்து ஒரு கிழவர் வருவார். அவருக்குக் கார் பந்தயப் பைத்தியம். டீ குடிக்கிற நேரத்தில் செல்போனில் பந்தயம் காட்டி அண்ணனையும் கெடுத்துவிட்டார். இனிமேல் வரப்போவதில்லை, வயதாகிவிட்டது என்று சொன்ன கடைசித் தடவை, தன் கையில் இருந்த வாட்சைக் கழற்றி அண்ணன் கையில் கட்டிவிட்டுப் போனார். உலகத்துக்கே கொஞ்சம்தான் செய்தார்களாம். அதற்கு மேல் செய்ய மாட்டார்களாம். ஒவ்வொன்றின் முதுகிலும் அதனதன் எண்ணைப் பொறித்திருப்பார்கள். கறுப்பு முகம், அதற்குள் மூன்று குட்டி வட்டங்கள், ஓரத்தில் வேகம் கணக்குப் பார்க்க எண்கள். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் முதலில் மணி பார்க்கவில்லை. பட்டையைத் திருப்பி, நகத்தால் தேய்த்து, முகர்ந்து பார்த்துவிட்டு, "கன்னுத்தோலு. பொத்தல் சுத்தமா அடிச்சிருக்கான்" என்றான். பந்தயக்காரனுக்குக் கை வியர்க்காமல் இருக்கத்தான் பட்டையில் அந்தப் பெரிய பொத்தல்களாம். தோல்காரன் புத்தி வேறெங்கே போகும்?

அந்த வாட்சுக்கு பேட்டரி கிடையாது. சாவி கொடுக்கிற வசதியும் கிடையாது. கட்டியிருப்பவர் கை ஆட ஆட உள்ளே ஒரு கனமான தகடு சுற்றும், அதில் வாட்ச் ஓடும். கழற்றி வைத்தால் இரண்டொரு நாளில் நின்றுவிடும். "நான் உழைச்சாத்தான் இதுவும் உழைக்கும், கூட்டாளி மாதிரி" என்று அண்ணன் பெருமையடிப்பான். டிரம் பக்கம் போகும்போது மட்டும் கழற்றி மேஜைக்குள் வைப்பான். அங்கே இருக்கிற காற்று எதையும் கறுக்க வைத்துவிடும்.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். இடது பக்கம் மொத்தமும் போய்விட்டது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, பிழைத்ததே பெரிசு என்று சொல்லி அனுப்பினார்கள். பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் இருந்தது. "வாய் பொழச்சிடுச்சு, கை போய்டுச்சு. உனக்கு இருக்கற வாயி எனக்கும் வந்துடுச்சு பாப்பா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். வாய் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது. நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் வாட்சைக் கேட்டு வாங்கி, செயலற்ற அந்த இடது கையிலேயே கட்டச் சொன்னான். ஆஸ்பத்திரி நாட்களில் பத்திரத்துக்காகத் தன் கையில் போட்டிருந்த அண்ணி, கழற்றிக் கட்டிவிட்டாள். அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ அது நின்றது. அவன் அந்தக் கையை வலது கையால் தூக்கிக் காதோரம் வைத்துப் பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். சாப்பாடு வேண்டாம் என்றான். "டாக்டர் சொன்னப்போ நான் நம்பல. இப்போ இது சொல்லிடுச்சு" என்றான்.

"இதுக்குப் போயா ண்ணா? வலது கையில கட்டிக்கோ, ஓடும்" என்றேன்.

"அது எதுக்கு? வலது கையிலதான் உயிர் இருக்கே. இந்தக் கையில ஓடணும். இந்தக் கையில இது ஓடற அன்னிக்கு நான் டிரம் செக்‌ஷனுக்குப் போவேன்."

பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. அதற்கப்புறம் வாட்ச் நின்றே கிடந்தது. அவனும் அப்படியே கிடந்தான். நெமிலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பிசியோ, வாரத்தில் சில நாள் வந்து கையைக் காலை நீட்டி மடக்கிவிடுவாள். "சார், நீங்களும் முயற்சி பண்ணணும் சார்" என்று கெஞ்சுவாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

திடீரென்று ஒரு காலையில் அண்ணியிடமிருந்து போன். "உங்கண்ணன் கூப்பிடறாரு, சீக்கிரம் வா." என்னமோ ஏதோ என்று பதறி ஓடினேன். அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் பல். "இத்த பாரு!" என்று இடது கையை வலது கையால் தூக்கிக் காட்டினான். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

"தூங்கும்போது கை தானா அசைஞ்சிருக்கு. எனக்கே தெரியாம அசைஞ்சிருக்கு."

அன்றைக்குத் தெருவில் யாரையும் விடவில்லை. பால்காரர், எதிர்வீட்டு டீச்சரம்மா, எல்லாருக்கும் வாட்சைக் காட்டினான். நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன். அண்ணி கேசரி கிண்டினாள்.

அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டான். பிசியோ பெண் வருவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்து காத்திருப்பான். அவனே ஒரு பந்தயம் கண்டுபிடித்தான். வலது கையால் பட்டனை அமுக்குவான். சிவப்பு முள் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் இடது கையில் ஒரு விரலையாவது தூக்க வேண்டும். நெற்றி நரம்பு புடைக்க அந்த விரல்களையே முறைப்பான். முள் சுற்றி வந்துவிடும். விரல் அசையாது. "இப்பவும் அவன்தான் ஜெயிச்சான்" என்று முள்ளைக் காட்டிச் சொல்லிவிட்டு மறுபடி அமுக்குவான். கை அசையாவிட்டாலும் இந்த வீம்பிலேயே கால் கொஞ்சம் தேறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரைக்கும் நடந்தான். டேனரியில் தன் நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்லாமல் போயிருந்தேன். அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். பின்பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுப் போனேன். அண்ணி குந்தி உட்கார்ந்து குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி வளையலுக்கு மேலே, பாலித்தீன் கவர் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, அந்த வாட்ச்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்துவிட்டது.

"அண்ணி! இன்னா இது?"

"ஷ்ஷ். கத்தாதே." சோப்புக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். "அவரு மத்தியானம் தூங்கறப்போ கழட்டிக்குவேன். காலையில குளிக்க வச்சிட்டு, தொடைச்சித் தர்றேன்னு வாங்கிக்குவேன். மாவு பெசையறது, துணி தோய்க்கறதுன்னு கை ஆடிச்சின்னா போதும். அவரு எழுந்திருக்கறதுக்குள்ள கட்டிடுவேன்."

"அசையுது அசையுதுன்னு சொல்லிட்டிருக்காரே, பாவம். பொய்யா எல்லாம்?"

"பொய்தான். அந்தப் பொய்யிலதான் நடக்கறாரு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "என்னைக்கி இருந்தாலும் தெரியும் அண்ணி. அன்னைக்கி இன்னா பண்ணுவீங்க? மொதல்லயே சொல்லிடலாம்" என்றேன்.

"நீ சொல்லிட்டு உன் வூட்டுக்குப் போய்டுவே. அவரு சுவத்தப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவாரு. பக்கத்துல உக்காந்து அத்த பார்க்கறது யாரு? நான்தானே?" அண்ணி அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மறுபடி குக்கரைத் தேய்க்க ஆரம்பித்தாள். நானும் குந்தி உட்கார்ந்து, அவள் தேய்த்து வைத்த பாத்திரங்களை அலம்பினேன்.

இந்த விஷயம் தெரிந்த இன்னொருவர் பாய். அண்ணனோடு ஆரம்ப காலத்திலிருந்து டிரம் ஓட்டியவர், மேஸ்திரி. அண்ணன் சாய்ந்த நாளிலிருந்து வேலை முடிந்ததும் நேராக இங்கே வருவார். வேட்டியில் அந்தத் தோல் வாசனையோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எந்த டிரம்மில் என்ன ஓடுகிறது என்று சொன்னால்தான் அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கும். அண்ணி மனம் பொறுக்காமல் அவரிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள். "அல்லா பார்த்துக்குவான்மா, நீ ஓட்டு" என்றிருக்கிறார்.

அப்போதுதான் அண்ணிக்குத் திருப்பத்தூர் போக வேண்டி வந்தது. அவள் தங்கை மகளுக்குத் தலைப்பிரசவம், சிக்கலாகிவிட்டது. பகலில் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள், மற்ற நேரம் நான் வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. சமையல் சரி, மருந்து சரி, வாட்ச்? பகலில் நான் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் தோல் செக் பண்ணுகிறவள். அங்கே வளையல், மோதிரம், வாட்ச் எதுவும் போட்டுக்கொண்டு உள்ளே போக முடியாது. தோலில் கீறல் விழும் என்று கேட்டிலேயே கழற்றச் சொல்லிவிடுவார்கள். சாயங்காலம் நான் வரும்போது அண்ணன் விழித்திருப்பான், வாட்ச் அவன் கையில் இருக்கும். அதைவிட, எனக்கு மனசே இல்லை என்பதுதான் நிஜம். அதைக் கட்டிக்கொண்டு என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடிந்திருக்காது.

"எங்கிட்ட குடுங்க. நான் பார்த்துக்கறேன்" என்றார் பாய். கட்டிலுக்குப் போய் அண்ணனிடம், "சார், பட்டை வேர்வையில காஞ்சி கெடக்கு. கொண்டுபோயி ஆயில் போட்டு எடுத்தாரேன், நாளைக்கே தந்துடறேன்" என்றார். தோலுக்கு ஆயில் என்றால் அண்ணன் மறுப்பானா? "ஜாஸ்தி போட்டுடாத" என்று சொல்லிக் கையை நீட்டினான்.

அவராவது கையில் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கட்டிக்கொள்ளவில்லை. "சார் கையில இருக்க வேண்டியத நான் கட்டறதா, தப்பில்லயா?" என்று பிறகு சொன்னார். அவர் மூளை வேறு வழியில் போயிருக்கிறது. வாட்ச் ஓட வேண்டுமா, சுற்ற வேண்டும். சுற்ற வேண்டுமா, டிரம் இருக்கிறது. புதுச் சரக்குக்குச் சாம்பிள் பார்ப்பதற்கென்று டேனரியில் ஆள் உயரத்துக்கு ஒரு சின்ன மர டிரம் உண்டு. வாட்சைப் பஞ்சு வைத்துத் தன் டிபன் பாக்ஸில் போட்டு மூடி, அதைக் காலி டிரம்முக்குள் வைத்து, சாப்பாட்டு நேரம் பூராவும் மெதுவாக ஓடவிட்டிருக்கிறார்! வேறு எந்த ஊர்க்காரனுக்காவது இந்த யோசனை வருமா? எங்கள் ஊரில் வரும். நனைப்பதும் டிரம், பதப்படுத்துவதும் டிரம், சாயமும் டிரம், மிருதுவாக்குவதும் டிரம். அதில் போட்டு எடுத்தால் சரியாகாதது எதுவும் இல்லை என்று நம்பி வாழ்கிறவர்கள் நாங்கள்.

டிரம்முக்குள் சுற்றிலும் மர முளைகள் இருக்கும். தோலை மேலே தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்து தொப்பென்று கீழே போடும். டிபன் பாக்ஸையும் அப்படித்தான் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது.

சாயங்காலம் பாய் வீட்டுக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சிவப்பு முள் கழன்று கண்ணாடிக்குள்ளே அடியில் விழுந்து கிடந்தது. மற்ற முட்கள் நின்றிருந்தன. அசைத்தால் உள்ளே எதுவோ சலசலத்தது.

"உங்களுக்கு அறிவு இருக்கா பாய்? டிரம்ல போடற பொருளா இது?"

"மெதுவாதாம்மா ஓட்டினேன்." அவர் கண் கலங்கிவிட்டது. "தோலு விழ விழத்தானே மெத்துனு ஆவும். அந்த நெனப்பிலயே இருந்துட்டேன்."

மேலும் திட்ட வாயெடுத்தவள், எங்கே அழுதுவிடுவேனோ என்று வாட்சை வாங்கி முந்தானையில் மறைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் லீவு போட்டு வேலூரில் தெரிந்த கடை, தெரியாத கடை எல்லாவற்றிலும் ஏறி இறங்கினேன். ஒருவரும் திறக்கத் துணியவில்லை. ஒரு கடைக்காரர் மட்டும் கண்ணில் லென்ஸ் மாட்டிப் பார்த்து, முதுகில் இருந்த எண்ணைப் படித்துவிட்டு, "அம்மா, இதுக்கு நம்ம நாட்லயே சாமான் கெடைக்காது. செஞ்சதே கொஞ்சம். எங்கேந்தும்மா இது உங்ககிட்ட வந்தது?" என்று என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சாதா வாட்சாக இருந்திருந்தால் அதே மாதிரி ஒன்று வாங்கிக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அபூர்வம் அபூர்வம் என்று கொண்டாடினோமே, அதுவே எங்களுக்கு எமனாக வந்தது.

அண்ணன் கேட்கும்போதெல்லாம் பட்டையில் ஆயில் இன்னும் காயவில்லையாம் என்று சொல்லிவைத்தேன். அண்ணி திருப்பத்தூரிலிருந்து வந்தாள். மூன்று பேரும் சமையல்கட்டில் நின்று பேசி முடிவு செய்தோம். ஆயில் போடும்போது கை நழுவிக் கீழே விழுந்துவிட்டது, அவ்வளவுதான். வாட்ச்தான் உடைந்தது, கைக்கு ஒன்றுமில்லை என்று அவன் நம்பிக்கொண்டிருப்பான். "இத்த மட்டும் சொல்லுங்க பாய், வேற ஒண்ணும் வாய தொறக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லி வாட்சை அவரிடமே கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து, பாய் தொப்பியோடு வந்தார். அண்ணன் அவரைப் பார்த்ததும் இடது கையை வலது கையால் எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டான், கட்டிக்கொள்ளத் தயாராக. பாய் வாட்சை நீட்டினார். "சார், கீழ விழுந்துடுச்சு சார்" என்றார்.

அண்ணன் அதை வாங்கிப் பார்த்தான். முகம் சுருங்கியது. ஆனால் நல்ல மனுஷன், "பரவால்ல விடுய்யா. விழுந்தா இன்னா பண்றது" என்றான். அதோடு முடிந்திருக்கும். அந்தப் பரவால்ல என்ற வார்த்தையை பாயால் தாங்க முடியவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டார்.

"விழல சார். பொய் சொல்றேன். சாம்பிள் டிரம்ல போட்டுட்டேன்."

"டிரம்லயா?" அண்ணனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "யோவ், எதுக்குய்யா டிரம்ல போட்டே?"

"ஓடணுமேன்னுதான் சார். நின்னுடக் கூடாதுன்னு."

"நின்னா இன்னா? ராத்திரி என் கையில கட்டினா காலையில ஓடிட்டுப் போவுது. என் கையிலதான் ஓடுதே."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். எப்போதும் ஏதாவது சொல்கிறவள் சொல்லவில்லை என்றதும் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். மெதுவாக அண்ணி பக்கம் திரும்பினான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீயா?"

அவள் தலையசைத்தாள்.

"எப்போலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்தே" என்றாள். "உங்க கையில அது ஒரு நாளும் ஓடலீங்க."

அவன் கத்தியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வாட்சை மேஜைமேல் வைத்தான். பாயிடம், "பரவால்ல, வூட்டுக்குப் போங்க" என்றான். அத்தனை வருஷத்தில் பாயை அவன் வாங்க போங்க என்று சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகு அவன் எங்களோடு சண்டை போடவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டான், மருந்தை முழுங்கினான். நடப்பதை விட்டுவிட்டான். பிசியோ பெண் வந்தால் கையை அவளிடம் விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். வேறு யாருடைய கையோ அது என்பதுபோல். அண்ணி பக்கத்தில் வந்தால், "நீ தொடாத, அவங்க பார்த்துக்குவாங்க" என்பான். அண்ணிக்கு அந்த ஒரு வார்த்தை போதும், அன்றைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டாள். பாய் வருவதையே நிறுத்திவிட்டார். சொல்லிவிடலாம் என்று முதலில் குதித்தவள் நான்தான். சொன்ன பிறகு வீடு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துக்கொண்டு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

போன மாதம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். பிசியோ பெண் வேலையை முடித்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி அவளுக்குக் குடை தேடிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மல்லாந்து படுத்திருந்தான். போர்வைக்கு மேலே அந்த இடது கை தனியாகக் கிடந்தது. அதன் மோதிர விரல் மேலே எழுந்து இறங்கியது.

நான் பார்த்ததை நானே நம்பவில்லை. மறுபடி எழுந்தது. பட்டாணித் தட்டு கவிழ்ந்து உருள, "அண்ணா! விரலு! விரலு!" என்று கத்தினேன். பிசியோ பெண் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள். அண்ணி குடையும் கையுமாக நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். "சார், இன்னொரு தபா தூக்குங்க சார்" என்றாள் அந்தப் பெண். விரல் எழுந்தது. அவள் கைதட்டினாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நிஜம். கடவுள் சத்தியமாக நிஜம். யாரும் அந்தக் கை பக்கத்திலேயே இல்லை.

அண்ணன் தலையைத் தூக்கி அந்த விரலையே பார்த்தான். அது இன்னொரு முறை எழுந்து இறங்கியது. வலது கையை நீட்டிப் போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, அடியில் பார்த்தான். மணிக்கட்டுக்குக் கீழே விரிப்பில் தடவித் தடவித் தேடினான். பிறகு எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"யாரு ஆட்டறீங்க?" என்று கேட்டான்.